முனியாண்டியின் பச்சைப் போத்தல்

என் வீட்டுக்காரரின் பெயரை இந்த வாயால் நான் சொன்னதில்லை. எழுதினால் தப்பில்லை என்று நானே முடிவு செய்துகொண்டேன். சன்னாசி. பெயரைப் பார்த்துவிட்டுக் காவி கட்டிய ஆள் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். கருவாடு இல்லாமல் சோற்றில் கை வைக்காத மனிதர். ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் கொஞ்சம் சாமியார்தான். ஏதாவது ஒரு வாசனை பிடித்துவிட்டால் கண்ணை மூடிக்கொண்டு அரை மணி நேரம் அதோடு உட்கார்ந்திருப்பார். கூப்பிட்டால் காது கேட்காது.

என்னைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் மற்றது புரியாது. குடி என்றாலே எனக்கு ஆகாது. என் அப்பா ராமையா சம்சு குடித்துச் செத்தவர். காட்டுக்குள் திருட்டுத்தனமாகக் காய்ச்சும் அந்தச் சாராயம் முதலில் அவர் கண்ணை வாங்கியது, மூன்றாம் நாள் உயிரை வாங்கியது. எனக்கு அப்போது பதினோரு வயது. மாரியம்மன் கோயிலில் சூடம் அணைத்துச் சத்தியம் செய்தேன்: இந்த நாக்கில் ஒரு சொட்டுப் படாது, என் வீட்டு வாசலைச் சாராயப் போத்தல் தாண்டாது. பெண் பார்க்க வந்த இடத்தில் இவரிடம் நேராகவே கேட்டேன், "தண்ணி போடுவீங்களா?" என்று. உட்கார்ந்திருந்த பெரியவர்கள் எல்லாம் முகத்தைச் சுளித்தார்கள். இவர் மட்டும் சிரித்துவிட்டு, "கள்ளு வாடையே எனக்கு ஆகாதுங்க, கிட்டப் போனா தலைய வலிக்கும்" என்றார். அந்த ஒரு பதிலுக்காகத்தான் கழுத்தை நீட்டினேன்.

மலேசியாவில் தெலுக் இந்தான் பக்கம், மூங்கில் தோட்டம் என்கிற ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். எனக்கு ரப்பர் மரம் வெட்டிப் பால் எடுக்கிற வேலை. அவருக்குப் புகைக் கொட்டகை. பாலை உறைய வைத்து, தகடு தகடாக அழுத்தி, கழிகளில் சேலை காயப்போட்டது போலத் தொங்கவிட்டு, கீழே விறகு மூட்டி நாலைந்து நாள் புகை போடுவார்கள். பதம் வந்துவிட்டதா என்று மற்றவர்கள் தகட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார்கள். இவர் மூக்கில் வைத்துப் பார்ப்பார். "மூணாவது வரிசையில பூஞ்சணம் பிடிக்கப் போவுது" என்பார். இரண்டே நாளில் பிடிக்கும். நான் வேலை முடிந்து லயத்து வீட்டுக்குள் நுழையும்போதே, "இன்னிக்கி மேட்டு நிரையா?" என்பார். மேட்டுப் பக்கத்து மர வரிசையில் காட்டு எலுமிச்சை நிறைய, அது என் மேல் மணக்கும். ஒளித்து வைத்து எதையும் தின்ன முடியாது இந்த மனிதரிடம்.

எழுபத்திரண்டில் ஒரு மத்தியானம். சோற்றுத் தட்டில் பாதி இருக்கும்போது கையை உதறிக்கொண்டு எழுந்தார். "இது விறகுப் புகை இல்ல. உத்தரம் எரியுது!" என்று ஓடினார். நானும் பின்னால் ஓடினேன். வெளியில் இருந்து பார்த்தால் கொட்டகை எப்போதும் போல நீலமாகப் புகைந்துகொண்டிருந்தது. உள்ளே மேல் மரத்தில் உள்ளங்கை அகலத்துக்கு நெருப்பு. கால் மணி நேரம் போயிருந்தால் கொட்டகையும் இல்லை, அதை ஒட்டிய எங்கள் லயமும் இல்லை. தண்ணீர் ஊற்றி அணைத்தார்கள்.

அப்போது எங்கள் தோட்டத்துத் துரை டோலன் என்கிறவர். அயர்லாந்துக்காரர். சிவந்த கழுத்து, தனிக்கட்டை, பேச்செல்லாம் மலாயில்தான். அன்று சாயங்காலம் இவரைப் பங்களாவுக்குக் கூப்பிட்டு அனுப்பி, ஒரு கிளாசில் விரல்கடை அளவு ஊற்றிக் கொடுத்தாராம். அவருடைய அண்ணன் ஊரிலிருந்து அனுப்புகிற விஸ்கி, இங்கே கடையில் கிடைக்காதது. இவர் உடனே குடிக்கவில்லை. தகட்டைப் பார்ப்பது போலவே மூக்கருகில் வைத்துக்கொண்டு நின்றிருக்கிறார். நின்றிருக்கிறார், நின்றுகொண்டே இருந்திருக்கிறார். துரை கடிகாரத்தைப் பார்த்தாராம். கடைசியில் இவர், "அசாப் தாக் ஆடா, துவான்" என்றாராம். புகை இல்லையே துரை என்று. விருந்து நாளில் எடுபிடிக்குப் போகும்போது பங்களாவில் வேறு சரக்கு ஊற்றினால் புகை வாடை வருமே, இதில் வரவில்லையே என்று இவருக்கு அதிசயம்.

டோலன் துரை நாற்காலியில் இருந்து எழுந்தே விட்டாராம். இந்தத் தோட்டத்துக்கு விருந்துக்கு வந்த வெள்ளைக்காரர்களில் ஒருத்தனுக்கும் அது தெரிந்ததில்லை என்றாராம். பார்லியை முளைகட்டிக் காயவைக்கும்போது பக்கத்து நாட்டில் சில ஊர்க்காரர்கள் கரிமண்ணை எரித்துப் புகையில் காயவைப்பார்களாம். துரையின் ஊரில் பெரும்பாலும் புகை படாமல் காயவைத்து, ஒரே வடிசாலையில் மூன்று முறை வடித்து, மரப்பீப்பாயில் போட்டு வருடக்கணக்கில் தூங்க விடுவார்களாம். நம் தோட்டத்தில் புகை போடாமல் காற்றில் உலர்த்தும் வெள்ளை ரப்பர் இருக்கிறதே, அந்தக் கணக்குத்தான் என்று இவருக்கு உடனே புரிந்துபோயிற்று.

இதையெல்லாம், கடைசியில் குடித்துப் பார்த்ததையும் சேர்த்து, அன்றைக்கே வந்து என்னிடம் சொன்னார். மறைத்திருந்தால்கூட எனக்குக் கோபம் குறைவாக இருந்திருக்கும். எச்சில் கையால் சோற்றுப் பானையைக் கவிழ்த்துவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தேன். இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் அவரே வந்தார். "நான் போதைக்குக் குடிக்கல நவமணி. அது உள்ளுக்குள்ள ஒரு ஊரு இருக்கு. அதப் பாத்துட்டு வந்துருவேன்" என்றார். குடிகாரன் பேச்சு விடிஞ்சா போச்சு என்றேன் நான். ஆனால் விடிந்த பிறகும் அதையே சொன்னார். வார்த்தை மாறாமல் சொன்னார். எனக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை.

கடைசியில் ஒரு சட்டம் போட்டேன். சனிக்கிழமை மட்டும், பங்களாவில் மட்டும், விரல்கடை அளவு மட்டும். வீட்டுக்கு ஒரு சொட்டு வரக்கூடாது. சரி என்றார். மூன்று வருடம் அந்தச் சட்டத்தை மீறவில்லை.

சனிக்கிழமை மூன்று மணிக்குப் போவார். கொட்டகைச் சட்டையோடுதான் போவார், குளித்துவிட்டுப் போனால் மூக்குக்குச் சோப்பு வாசனை குறுக்கே வருமாம். கிளாசை முதலில் நெஞ்சருகே பிடிக்க வேண்டும், பிறகு தாடைக்கு, அதற்குப் பிறகுதான் மூக்குக்கு. வாயைக் கொஞ்சம் திறந்தபடி மோக்க வேண்டும். விரலால் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டால் இன்னொரு கதவு திறக்குமாம். துரையும் இவரும் பேசிக்கொள்ளவே மாட்டார்களாம். வெளியே மழைக்கு இருட்டிக்கொண்டு வரும், இரண்டு பேரும் ஆளுக்கொரு நாற்காலியில் ஆளுக்கொரு ஊரில் இருப்பார்களாம். திரும்பி வந்து முற்றத்தில் குந்திக்கொண்டு எனக்கு ஒப்பிப்பார். "முதல்ல பச்சப் புல்லு, இப்பதான் அறுத்தது. அப்புறம் ஆப்பிளு. அப்புறம் தேனு, அடியில கொஞ்சம் மிளகு. கடைசியா ஈரக் கல்லு. மழை பேஞ்சுக்கிட்டே இருக்கு நவமணி, ஒரு கல்லு வீடு, ஆளே இல்ல, கதவு தொறந்து கிடக்கு." சொல்லும்போது அவர் முகம் அந்த வீட்டு வாசலில் நிற்கிற முகமாகவே இருக்கும். நான் மீன் கழுவிக்கொண்டே, "அந்த வீட்டுலயே போயி இருந்துக்கிறது" என்பேன். "கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசன" என்று சிரிப்பார்.

ஞாயிற்றுக்கிழமை அந்தச் சட்டையைத் துவைக்கப் போகும்போது, துறையடியில் யாரும் இல்லையென்றால், ஒரு தடவை முகத்தருகே கொண்டு போவேன். திட்டுவதற்குத்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன்.

எழுபத்தைந்தில் டோலன் துரை ஊருக்குக் கிளம்பினார். போகும்போது திறக்காத ஒரு பச்சைப் போத்தலை இவர் கையில் கொடுத்துவிட்டுப் போனார். சட்டம் சட்டம்தானே, வாசலிலேயே மறித்துவிட்டேன். மழையில் நனைந்தபடி போத்தலைக் குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு நிற்கிறார், உள்ளே வரவும் இல்லை, திரும்பிப் போகவும் இல்லை. அப்புறம் மெதுவாக, "இது எனக்கு இல்ல. முனியாண்டிக்கு" என்றார்.

ஆள் கெட்டிக்காரர். எங்கள் வீட்டில் சாமிப் படங்களுக்குக் கீழே முனியாண்டிக்குத் தனிப் பலகை உண்டு. சுருட்டும் சாராயமும் வைத்துக் கும்பிடுகிற சாமியை நான் வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? வழி விட்டேன். போத்தல் பலகையில் ஏறியது. நாளாக நாளாக வெள்ளிக்கிழமை படங்களுக்கு வைக்கிற கை போத்தலுக்கும் திருநீறு வைத்தது, பூ வைத்தது. சொந்த வீடு கட்டுகிற அன்றைக்குச் சாமியிடம் கேட்டுத் திறப்போம் என்றார் இவர். லயத்து வீட்டில் இருந்துகொண்டு சொந்த வீடாம். சரி, திறக்கப் போவதில்லை என்று நானும் தலையாட்டினேன்.

தோட்டத்தை விற்றார்கள். ரப்பரை அழித்து எண்ணெய்க்குச் செம்பனை போட்டார்கள். ஒரே மகள் வீரம்மாவைத் தெலுக் இந்தானிலேயே கட்டிக் கொடுத்துவிட்டு நாங்கள் ஈப்போவுக்கு வந்தோம். சிலிபினில் வாடகை வீடு, மரச்சாமான் தொழிற்சாலையில் அவருக்கு ஜாகா வேலை. காவல்காரன் வேலையிலும் மூக்குத்தான். ஆணி அடிக்கும் முன்பே எந்தப் பலகை ரப்பர் மரம், எந்தப் பலகை மெராந்தி என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வாராம். போத்தலும் முனியாண்டியோடு சிலிபினுக்கு வந்தது. வருடா வருடம் மூடிக்குக் கீழே சரக்கு ஒரு நூல் இறங்குவதை நான் கவனித்தேன். திருட்டுத்தனமாகக் குடிக்கிறாரோ என்று முத்திரையைத் தடவிப் பார்த்தேன், கிழியவில்லை. அவரிடம் கேட்டால், "முனியாண்டி கொஞ்சம் எடுத்துக்கிறாரு. துரை ஊர்ல பீப்பாய்ல இருந்து தேவர்கள் எடுத்துக்குவாங்களாம், இங்க இவரு" என்றார். நானும் ஒருவேளை இருக்கும் என்றே நினைத்தேன்.

எண்பத்திரண்டு கடைசியில் ஒரு மழை நாளில் கோப்பேங் சாலையில் நாய் குறுக்கே ஓடி மோட்டார் சைக்கிளோடு விழுந்தார். பின்மண்டையில் அடி. பத்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து எழுந்து வந்தார். கை கால் நன்றாக இருந்தது. பேச்சு நன்றாக இருந்தது. மாரியம்மனுக்கு மாவிளக்குப் போட்டேன்.

ஒரு மாதம் கழித்து, அடுப்பில் சோற்றை வைத்துவிட்டுப் பின்பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு ஜெய்னம்பு, சாப்பாட்டுக்கடை வைத்திருப்பவரின் மனைவி, வேலிக்கு அந்தப் பக்கம் இருந்து கத்தினாள். "நவமணியக்கா, அடுப்புல என்னா வெச்சிருக்கீங்க? கருகுதுலா!" ஓடினேன். குசினி முழுக்கக் கருகல் நெடி, எனக்கே மூச்சு முட்டியது. அடுப்புக்கு இரண்டு முழம் தள்ளி, முதுகைக் காட்டி உட்கார்ந்து, இவர் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தார்.

அடுப்பை அணைத்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்தேன். அவரும் பார்த்தார். ஒரு மாதமாக மறைத்திருக்கிறார் பாவி மனுசன். குழம்பு எப்படி இருக்கு என்று கேட்டால் நல்லாருக்கு என்றார், கருவாட்டுக்கும் நல்லாருக்கு, கஞ்சிக்கும் நல்லாருக்கு. எனக்குத்தான் புத்தி எட்டவில்லை. "ஒன்னுமே வரல நவமணி" என்றார். "செவுரு மாதிரி இருக்கு." அன்றைக்கு நான் அழுத அழுகை அப்பா செத்தபோதுகூட அழவில்லை. டாக்டரிடம் போனோம். மூக்கு நரம்பு மூளைக்குப் போகிற இடத்தில் அறுந்திருக்கும், திரும்ப வந்தாலும் வரலாம், வராமலும் போகலாம் என்றார். வரவில்லை.

அதற்குப் பிறகு அவர் பாதி ஆள். சாப்பாட்டை மருந்து மாதிரி விழுங்கினார். முற்றத்தில் குந்தி ஒப்பிப்பது நின்றது. மழை வந்தால் வாசலுக்கு ஓடுகிறவர், கதவைச் சாத்திக்கொண்டார். உடம்பு இளைத்துச் சட்டை தொளதொளவென்று ஆயிற்று. இந்த மனிதர் உயிரோடு இருக்கும்போதே என்னைவிட்டுப் போய்க்கொண்டிருக்கிறார் என்று எனக்குப் பயம் வந்துவிட்டது. ஒரு வருடம் அந்தப் பயத்தோடு படுத்து எழுந்தேன்.

சொந்த வீடு வேறு அந்த நேரம் பார்த்துத்தான் வந்தது. குனோங் ராபாட்டில் சின்ன வரிசை வீடு, வாசலில் நின்றால் எதிரே சுண்ணாம்பு மலை. எண்பத்து நாலு தையில் பால் காய்ச்சினோம். பால் பொங்கியபோது எல்லோரும் குலவை போட்டார்கள், இவர் எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தார். வீரம்மாவும் சொந்தக்காரர்களும் ஊர் திரும்பினார்கள். மறு சனிக்கிழமை முனியாண்டி பலகையை ஆணி அடித்து மாட்டிவிட்டுப் போத்தலைக் கையில் எடுத்துப் பார்த்தார். தூசியைத் துடைத்தார். "இத யாருக்காவது குடுத்துரு நவமணி. இப்ப நான்தான் அந்தக் கழுதை" என்று சொல்லிவிட்டு, மலையைப் பார்த்தபடி முன் அறையில் போய் உட்கார்ந்தார்.

எனக்கு வந்ததே கோபம்! யார் மேல் என்று கேட்டால் தெரியாது. நாய் மேலா, சாமி மேலா, ஒன்பது வருடம் அந்தப் போத்தலுக்குப் பூ வைத்த என் கை மேலா? போத்தலை வாங்கினேன். முத்திரையைக் கத்தியால் கிழித்தேன். தக்கை உள்ளுக்குள் இற்றுப்போயிருந்தது, பாதி வெளியே வந்தது, பாதி உள்ளே விழுந்தது. தேத்தண்ணி வடிகட்டியை எடுத்து அதிலேயே வடிகட்டினேன். நெல்லை வேகவைத்தது போன்ற நிறம். முதல் கரண்டியைச் சொந்தக்காரனுக்கு, முனியாண்டி முன்னால் சின்னக் கிண்ணத்தில். அடுத்தது கண்ணாடிக் கிளாசில், விரல்கடை அளவு. அவர் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"என்னா பண்ற நவமணி?"

"கண்ணு தெரியுதுல்ல, பாருங்க."

மணி மூன்று இருக்கும். மலை உச்சியில் மேகம் இறங்கி, பாதி மலையைக் காணோம். கிளாசை நெஞ்சருகே பிடித்தேன், தாடைக்குக் கொண்டு வந்தேன், மூக்குக்குக் கொண்டு வந்தேன். "பச்சப் புல்லு" என்றேன். "இப்பதான் அறுத்தது. அப்புறம் ஆப்பிளு. அப்புறம் தேனு, அடியில கொஞ்சம் மிளகு..."

அவர் தலையை ஆட்டினார். "அது என் பாட்டுலா. நான் பாடுனத நீ பாடுற. உனக்கு என்னா வருது?"

"எனக்கு ஒன்னும் வரல. மூக்கு எரியுது."

"அவசரப்படாத. வாயக் கொஞ்சம் தொறந்துக்க. ரெண்டு சொட்டுத் தண்ணி விடு."

ஒரு வருடத்தில் அவர் இவ்வளவு சேர்ந்தாற்போலப் பேசியதில்லை. எழுந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து விரலால் தெளித்தேன். மறுபடி மோந்தேன். வெளியே மழை பிடித்துக்கொண்டது. எவ்வளவு நேரம் அப்படி இருந்தேனோ, ஏதோ ஒன்று தூரத்தில் இருந்து மெல்ல நடந்து வந்தது.

"பார்லி கஞ்சி" என்றேன். "வீரம்மாவுக்கு அம்ம போட்டப்ப வெச்சேனே, கல்கண்டு போட்டு."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். "அப்புறம்?"

"கொய்யா. பழம் இல்ல, செங்காய். லயத்துக்குப் பின்னால நின்னுச்சே, அந்த மரத்துக் கொய்யா."

"அப்புறம்?"

"மழ விட்ட ஒடனே ரப்பர் மரத்துப் பட்ட. நான் கத்தி வெக்கிறதுக்கு முன்னால."

"அப்புறம்?"

அப்புறம் மூக்கு நின்றுவிட்டது. மீதி நாக்குக்குத்தான் தெரியும் என்று எனக்குத் தெரியும், மூன்று வருடம் கேட்ட பாடமாயிற்றே. அவருக்கும் தெரியும். ஆனால் அவர் குடி என்று சொல்லவில்லை. என் சத்தியம் தெரிந்த மனிதர், கண்ணைத் திறக்காமல் சும்மா இருந்தார். சாமிக்குப் படைத்தது பிரசாதம்தானே, குற்றமில்லை என்று நான் சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். சொல்ல மாட்டேன். தெரிந்தே குடித்தேன். நாற்பது வருடச் சத்தியத்தை என் கையாலேயே உடைத்தேன், அப்பா முகம் கண் முன்னால் நிற்கும்போதே உடைத்தேன்.

நாக்கில் சூடு ஏறியது. தொண்டையில் இறங்கியது. இருமல் வரும் என்று பயந்தேன், வரவில்லை. இனிப்பாக ஏதோ தெரிந்தது, போயிற்று. அது போன பிறகு, எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்த பிறகு, அடித்தொண்டையில் இருந்து ஒன்று வந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"புகை" என்றேன்.

அவர் கண்ணைத் திறந்தார். "புகையா? அதுல புகை கிடையாது நவமணி. அதோட விசேசமே அதான்."

"இருக்கு."

"எனக்காக ஒன்னு இட்டுக்கட்டிச் சொல்லாத."

"யாரு இட்டுக்கட்டுறா?" கோபத்தில் குரல் உடைந்துவிட்டது எனக்கு. "இந்த வாசம் எனக்கு என்னிக்காச்சும் போத்தல்ல இருந்தா வந்துச்சு? சனிக்கிழம சனிக்கிழம உங்க மேல இருந்துதானே வந்துச்சு. முடியில புகை, கையில புகை, சட்டையில புகை. ஞாயித்துக்கிழம அந்தச் சட்டைய மோந்து பாத்துட்டுத்தான் துவைப்பேன், ஒரு நாளும் உங்ககிட்டச் சொன்னதில்ல. புகை இல்லாம இது எனக்குத் தெரியவே தெரியாது. இதுல நீங்கதான் இருக்கீங்க."

தகரக் கூரையில் மழை கொட்டியது. அவர் கை நீட்டினார், கிளாசைக் கொடுத்தேன். நெஞ்சருகே பிடித்தார். தாடைக்குக் கொண்டு வந்தார். வாயைக் கொஞ்சம் திறந்து மூக்கருகே வைத்துக்கொண்டு கண்ணை மூடினார். அவருக்கு ஒன்றும் வராது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் பங்களாவில் நின்றது போலவே நேரம் போவது தெரியாமல் இருந்தார். எதிரே மலை முழுக்க மறைந்து, வாசலில் வெள்ளையாக மழை மட்டும் இருந்தது.

"அசாப் ஆடா, துவான்" என்றார், எதிரே டோலன் துரை உட்கார்ந்திருப்பது போல. புகை இருக்கு துரை.

பிறகு கிளாசை என்னிடம் நீட்டினார்.

"அந்தக் கொய்யாவ இன்னொரு தடவ சொல்லு."